வலைப்பூவை இடம் மாற்றினால் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், ஆலய நிர்வாகம், இளைஞர் மன்றம் என்று எதை எடுத்தாலும் பின்னால் கூகுளின் இலவசச் சேவையான ப்ளாகரில் ஒரு பழைய வலைப்பூ இருக்கும். தீமிதிப் படங்கள், தோட்டத்து லைன் வீடுகளை இடித்தபோது எழுதியது, பள்ளியின் பழைய ஆசிரியர் பட்டியல், எல்லாம் அதற்குள்தான். அதைச் சொந்த முகவரியில் ஒரு வேர்ட்பிரஸ் தளத்துக்குக் கொண்டுபோகும்போது என்னென்ன கெடும், எதனால் கெடும், எப்படிச் சரிசெய்வது என்பதை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறோம். கட்டளைச் சொற்களையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்பு மாறாமல் தமிழில் தந்துள்ளோம். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஒரு வேலை. ப்ளாகரிலிருந்து எடுத்த கோப்பை நோட்பேட்++ மாதிரி ஒரு செயலியில் திறந்து, கெட்டுப்போனதாக நினைக்கும் பதிவின் தலைப்பைத் தேடுங்கள். கோப்பிலேயே கெட்டிருந்தால் வேர்ட்பிரஸைத் திட்டிப் பயனில்லை. கோப்பில் நன்றாக இருந்து தளத்தில் கெட்டிருந்தால், இறக்குமதி செய்ததை அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம், ஒன்றும் நட்டமில்லை. இந்த ஒரு பார்வையைத் தவிர்ப்பவர்கள்தான் இருநூறு பதிவையும் கையால் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எடுத்த கோப்பின் அசல் பிரதியைத் தனியாக வைத்துவிட்டு, நகலில் மட்டும் கை வையுங்கள்.

கோப்பு ஏறவில்லை, அல்லது பாதியில் வெள்ளைத் திரை

வேர்ட்பிரஸ் ஓடும் மொழியான பிஎச்பியின் இயல்பு அளவில் ஒரு கோப்பு 2 எம்பிக்கு மேல் ஏறாது. பத்து வருட வலைப்பூவின் கோப்பு சாதாரணமாகவே அதைத் தாண்டிவிடும். சேவையகத்தை நிர்வகிக்கும் பலகையான சிபேனலில் மல்டிபிஎச்பி ஐஎன்ஐ எடிட்டரைத் திறந்து அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் என்பதை 64 எம்பி ஆக்குங்கள். பலர் இதோடு நிறுத்திவிட்டு இன்னும் ஏறவில்லையே என்பார்கள். போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் என்று இன்னொன்று இருக்கிறது, அதன் இயல்பு அளவு 8 எம்பி. அது முன்னதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், 72 என்று வையுங்கள்.

ஏறிய பிறகு பாதியில் நின்றால், திரையில் வரும் எண்ணைப் படியுங்கள். '30 செகண்ட்ஸ்' என்று இருந்தால் நேரம் போதவில்லை. மேக்ஸ்_எக்ஸிகியூஷன்_டைம் என்பதை 300 ஆக்குங்கள். '134217728 பைட்ஸ்' என்று நீளமாக ஓர் எண் வந்தால் 128 எம்பி நினைவகம் தீர்ந்துவிட்டது. மெமரி_லிமிட்டை 256 எம்பி ஆக்குங்கள். வெறும் வெள்ளைத் திரை என்றால் இந்த இரண்டில் ஒன்று, ஆனால் பிழைச்செய்தி மறைக்கப்பட்டிருக்கிறது. சிபேனலின் எரர்ஸ் பக்கத்தில் அதே வரி கிடக்கும்.

நேரம் தீர்ந்து நின்றிருந்தால் பதற்றப்பட்டு ஏறியதை அழிக்காதீர்கள். தலைப்பும் தேதியும் ஒத்திருக்கும் பதிவை இறக்குமதிக் கருவி தாண்டிப் போய்விடும், ஆகவே அதே கோப்பை மறுபடி ஓடவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இடையில் யாராவது தலைப்பைத் திருத்தியிருந்தால் மட்டும் அந்தப் பதிவு இரண்டாகும். முழுதும் ஏறி முடியும்வரை தளத்தில் யாரும் கை வைக்கக்கூடாது என்று செயலவையில் சொல்லி வையுங்கள்.

தோட்டத்து வீட்டில் கைத்தொலைபேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி 40 எம்பி கோப்பை ஏற்றுவது வீண் வேலை. இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் முதலிலிருந்து வரவேண்டும். டவுனில் நல்ல இணைப்பு உள்ள இடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள்.

'முடிந்தது' என்கிறது, ஒரு பதிவும் இல்லை

கோப்பு எப்படி எடுக்கப்பட்டது என்று பாருங்கள். ப்ளாகரின் பழைய காப்புக் கோப்பு எக்ஸ்எம்எல். கணக்கில் உள்ளதை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாக எடுத்தால் ஜிப் வரும். அதை விரித்தால் வலைப்பூப் பெயரில் ஓர் உறைக்குள் ஃபீட்.ஆட்டம் என்ற கோப்பு இருக்கும். இரண்டிலும் சரக்கு ஒன்றுதான், ஆனால் 'இது பதிவு, இது கருத்து' என்று குறிக்கும் முறை வேறு. பழைய முறைக்கு எழுதப்பட்ட இறக்குமதிக் கருவி புதியதைத் திறந்து பார்த்துவிட்டு, எதுவும் பதிவு இல்லை என்று முடிவுசெய்து மரியாதையாக வெளியே வந்துவிடும். கோப்பின் பின்னொட்டை எக்ஸ்எம்எல் என்று மாற்றிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. உள்ளே இருப்பது மாறாததால் பலன் இல்லை.

இதற்கு எளிய மாற்றுவழி ஓடை (ஃபீட்), அதாவது பதிவுகளை வரிசையாகத் தரும் முகவரி. ப்ளாகர் அமைப்புகளில் வலைப்பூ ஓடையை 'முழுமை' என்று வையுங்கள். 'சுருக்கம்' என்று இருந்தால் ஒவ்வொரு பதிவிலும் முதல் சில வரிகள்தான் வரும். பிறகு வலைப்பூ முகவரியோடு இதைச் சேர்த்து உலாவியில் திறந்து, வருவதைச் சேமியுங்கள்:

/ஃபீட்ஸ்/போஸ்ட்ஸ்/டிஃபால்ட்?ஆல்ட்=ஆர்எஸ்எஸ்&மேக்ஸ்-ரிசல்ட்ஸ்=150&ஸ்டார்ட்-இன்டெக்ஸ்=1

அடுத்த கோப்புக்குக் கடைசி எண்ணை 151 ஆக்குங்கள், அதற்கடுத்து 301. பதிவு தீரும்வரை இப்படியே. வேர்ட்பிரஸில் கருவிகள், இறக்குமதி, ஆர்எஸ்எஸ் என்று போய் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். இந்த வழியில் வாசகர் கருத்துகளும் வரைவுகளும் தனிப் பக்கங்களும் வராது. தனிப் பக்கம் ஐந்தாறுதான் இருக்கும், வெட்டி ஒட்டிவிடலாம். கருத்துகள்தான் முக்கியம் என்றால் பழைய எக்ஸ்எம்எல் காப்பு யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்க்கக் கோப்பில் 'என்ட்ரி' என்ற சொல்லை எண்ணாதீர்கள். கருத்து, பக்கம், பழைய எக்ஸ்எம்எல்லில் வார்ப்புருவும் அமைப்புகளும்கூட அந்தப் பெயரில்தான் இருக்கும். ப்ளாகரின் முகப்பலகையில் 'வெளியிட்டவை' என்று காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

எழுத்து சிதைந்திருக்கிறது

சிதைவு எல்லாம் ஒன்றல்ல. எப்படிச் சிதைந்திருக்கிறது என்பதிலேயே காரணம் இருக்கிறது.

வரி முழுக்க ® என்ற பதிவுக்குறி, அதற்கு முன்னால் தலையில் கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ', திரும்பத் திரும்ப அதே இரட்டை. இது யூனிகோடு தமிழேதான், தவறான கண்ணாடி போட்டுப் படிக்கப்படுகிறது. யூனிகோடைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்; அதில் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டு மதிப்புகளில் ஒன்று. அந்த மூன்றையும் மூன்று மேற்கத்திய எழுத்தாகப் படித்தால் இந்த அலங்கோலம் வரும். எழுத்து அழியவில்லை. கோப்பை நோட்பேட்++இல் திறந்து என்கோடிங் பட்டியலில் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தால் தமிழ் தெரிய வேண்டும். தெரிந்தால் அப்படியே சேமித்து மறுபடி ஏற்றுங்கள். கோப்பில் சரியாக இருந்து தளத்தில்தான் இப்படி என்றால், வேர்ட்பிரஸின் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் டிபி_சார்செட் என்ற வரியில் யுடிஎஃப்8எம்பி4 இருக்கிறதா பாருங்கள்.

வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் அது உண்மையான இழப்பு. தமிழைத் தாங்காத லத்தீன்1 குறியீட்டில் உள்ள தரவுத்தள அட்டவணைக்குள் எழுத்தைத் திணித்திருக்கிறார்கள். தரவுத்தளம் தெரியாத ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு அசலைக் கைகழுவிவிட்டது. கேள்விக்குறியிலிருந்து தமிழை மீட்க எந்தக் கருவியாலும் முடியாது. அட்டவணையை யுடிஎஃப்8எம்பி4 ஆக்கிவிட்டு மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஏற்றுவது ஒன்றே வழி.

பதிவு நன்றாகத் தொடங்கி ஒரு முகக்குறியோடு அறுந்து போகிறது, பின்னால் எதுவும் இல்லை. இதுவும் அட்டவணைதான். மைஎஸ்கியூஎல்லில் வெறும் 'யுடிஎஃப்8' என்பது 3 பைட்வரைதான் தாங்கும். தமிழுக்கு அது போதும், 4 பைட் கேட்கும் முகக்குறிக்குப் போதாது. தைப்பூச வாழ்த்துப் பதிவுகள்தான் இதில் அதிகம் மாட்டும், கைகூப்பும் குறியோடு தொடங்குவதால் தலைப்பிலேயே காணாமல் போகும்.

ஆங்கில எழுத்துகள் பொருளில்லாமல் கிடக்கின்றன, மெய்யெழுத்துப் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. இது பாமினி என்ற பழைய எழுத்துரு. எழுதியவர் கணினியில் அந்த எழுத்துரு இருந்ததால் அவருக்குத் தமிழாகத் தெரிந்தது. மேலே குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் யூனிகோடுக்கு முந்திய டிஸ்கி அல்லது அதன் உறவுக்காரக் குறியீடு. 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல் இந்த நாட்டில் இரண்டு தலைமுறைக்குத் தமிழ் அடிக்கக் கற்றுக்கொடுத்தது. அதன் பழைய பதிப்புகளில் அடித்து வைத்த மலர்க் கட்டுரைகளைப் பிற்பாடு அப்படியே வலைப்பூவில் ஒட்டியிருப்பார்கள். இரண்டுக்கும் எழுத்துரு மாற்றி வேண்டும்.

மாற்றியைச் சோதிக்க ஒரே சொல் போதும்: தோட்டம். பழைய குறியீடுகளில் கொம்பை முதலிலும் மெய்யைப் பிறகும் அடிப்பார்கள், கண்ணுக்குத் தெரியும் வரிசையில். யூனிகோடில் மெய் முன்னால், உயிர்க்குறி பின்னால். எழுத்துக்கு எழுத்து மாற்றிவிட்டு வரிசையைத் திருப்பாத மாற்றியில் 'ேதாட்டம்' என்று வரும். அதை மூடிவிட்டு வேறு மாற்றியைத் தேடுங்கள்.

இன்னொன்று. பதிவை எச்டிஎம்எல்லோடு சேர்த்து மாற்றியில் ஒட்டாதீர்கள். பாமினி ஆங்கில எழுத்துகளையே தமிழாக்குவதால் குறிச்சொற்கள், பட முகவரிகள், இடையில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயர்கள் எல்லாம் தமிழெழுத்துக் குப்பையாகிவிடும். உரையை மட்டும் பத்தி பத்தியாக எடுத்து மாற்றி ஒட்டுங்கள். மெதுவான வேலைதான், ஆனால் பாமினிப் பதிவுகள் பெரும்பாலும் தொடக்க காலத்தில் மட்டும் கொஞ்சம் இருக்கும்.

பதிவு கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை

ஆலயத் தளங்களில் 'ஸ்ரீ' இதற்கு முதல் காரணம். 'ஸ' வைத்தும் அடிக்கலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' வைத்தும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே உருவம், கணினிக்கு இரண்டும் வேறு வேறு. ஒரே ஆலயத்தின் பெயர் பாதிப் பதிவில் ஒருவிதம், மீதியில் வேறுவிதம் என்று இருந்தால் தேடலில் பாதிதான் வரும். அதேபோல் 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். 'கௌ' வரவேண்டிய இடத்தில் கொம்பும் 'ள'வும் அடித்திருப்பது மூன்றாவது வகை.

ஏற்றும் முன் கோப்பிலேயே தேடி மாற்றிவிடுவது நல்லது. 'ஶ்ரீ' அத்தனையையும் 'ஸ்ரீ' ஆக்குங்கள். இரண்டாகக் கிடக்கும் கொம்பையும் காலையும் ஒன்றாக்க, உரையை என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றும் கருவி எதுவானாலும் போதும். 'ள' தவறை மட்டும் அது திருத்தாது. 'கௌரவம்', 'மௌனம்' போன்ற சொற்களைத் தனித்தனியாகத் தேடுங்கள்.

படம் வருகிறது, ஆனால் தபால்தலை அளவு

ப்ளாகர் ஒரு படத்தை இரண்டு முகவரியில் வைக்கும். பதிவில் தெரிவது சின்னது, அதன் முகவரி நடுவில் /எஸ்320/ என்று இருக்கும். சொடுக்கினால் திறப்பது பெரியது, அதில் /எஸ்1600/. இறக்குமதியும் படமிறக்கும் செருகுநிரல்களும் (ப்ளகின்) பதிவில் தெரிவதை மட்டும் எடுத்து வந்தால், உங்களிடம் 320 பிக்சல் படம்தான் மிஞ்சும். கோப்பின் நகலில் /எஸ்320/, /எஸ்400/, /எஸ்640/ மூன்றையும் /எஸ்1600/ என்று மாற்றிவிட்டு ஏற்றுங்கள். பிந்தைய பதிவுகளில் டபிள்யூ, எச் என்று அகலமும் உயரமும் சேர்ந்து இருக்கும், அதையும் /எஸ்1600/ ஆக்கலாம். படக் குறிச்சொல்லில் அகலம் 320 என்று தனியாக எழுதியிருந்தால் பெரிய படமும் சின்னதாகவே காட்டும், அதையும் எடுத்துவிடுங்கள்.

எல்லாப் படமும் சரியாகத் தெரிகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். ஒரு படத்தின் மேல் வலச்சொடுக்கி முகவரியைப் பாருங்கள். பிளாக்ஸ்பாட் என்றோ கூகுள்யூசர்கன்டென்ட் என்றோ இருந்தால் படம் இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கிறது. வலைப்பூவைத் தொடங்கிய ஆசிரியர் தம் கணக்கை மூடினால் உங்கள் தளத்தில் அத்தனை இடமும் காலியாகும். ஊடகத் தொகுப்பில் படங்கள் உண்மையாக இறங்கியிருப்பதைப் பார்த்த பிறகே பழைய வலைப்பூவைப் பற்றி யோசியுங்கள். டேக்அவுட் எடுத்திருந்தால் ஆல்பங்களும் ஜிப்பில் இருக்கும், அதையும் எறியாமல் வையுங்கள். ப்ளாகரிலேயே நேரடியாக ஏற்றிய காணொளிகள் பதிவோடு வராது, தனியாகத்தான் ஏற்ற வேண்டும்.

முகப்பு திறக்கிறது, எந்தப் பதிவைச் சொடுக்கினாலும் 404 (பக்கம் இல்லை என்ற பிழை)

அமைப்புகளில் நிலைத்தொடுப்பு (பெர்மாலிங்க்) பக்கத்தைத் திறந்து எதையும் மாற்றாமல் சேமியுங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான்.

பழைய முகவரி மட்டும் 404 என்றால் கதை வேறு. ப்ளாகர் முகவரியை ஆங்கில எழுத்தில்தான் உருவாக்கும். தமிழ்த் தலைப்பில் அதற்கு ஒன்றும் கிடைக்காததால் 'பிளாக்-போஸ்ட்.எச்டிஎம்எல்', அடுத்ததற்கு 'பிளாக்-போஸ்ட்_17.எச்டிஎம்எல்' என்று போட்டுக்கொண்டே போகும். முகவரியைப் பார்த்து எந்தப் பதிவு என்று யாராலும் சொல்ல முடியாது. வேர்ட்பிரஸோ தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்கும். அதிலும் ஒரு வெட்டு இருக்கிறது. முகவரிக்கு 200 எழுத்துதான் இடம், ஒரு தமிழ்க் குறி சதவீதக் குறியோடு 9 எழுத்தாக விரியும். 'சுங்கை சிப்புட் தோட்டத் தமிழ்ப்பள்ளி வரலாறு' என்ற தலைப்பில் 'சுங்கை-சிப்புட்-தோட்டத்' என்பதற்கே 191 போய்விடும், மீதி அறுந்துவிடும். அதே மூன்று சொல்லில் தொடங்கும் அடுத்த பதிவுக்கு வால் '-2', அதற்கடுத்ததற்கு '-3'. புலனத்தில் (வாட்ஸ்அப்) பகிர்ந்தால் திரை நிறைய சதவீதக் குறி.

ஆகவே முக்கியமான இருபது முப்பது பதிவுக்காவது கையால் சிறிய ஆங்கில முகவரி கொடுத்துவிடுங்கள். பழையதிலிருந்து புதியதற்குத் திருப்ப ரீடைரக்‌ஷன் செருகுநிரல் போதும். ப்ளாகர் இறக்குமதிக் கருவி வழியாக ஏற்றியிருந்தால் ஒவ்வொரு பதிவின் தனிப்புலத்திலும் ப்ளாகர்_பெர்மாலிங்க் என்ற பெயரில் பழைய முகவரி சேமிக்கப்பட்டிருக்கும். அதைப் பட்டியலாக எடுத்து ஏற்றலாம். கைத்தொலைபேசியில் திறந்த பழைய தொடுப்புகளின் வாலில் ?எம்=1 ஒட்டியிருக்கும், எனவே கேள்விக்குறிக்குப் பின்னுள்ளதைக் கண்டுகொள்ளாதே என்ற தேர்வையும் இடுங்கள்.

இதெல்லாம் வலைப்பூவுக்குச் சொந்த முகவரி இருந்தவர்களுக்கு. இலவச பிளாக்ஸ்பாட் முகவரியில் இருந்தால் அங்கிருந்து வேறு தளத்துக்கு நிரந்தரத் திருப்பம் போட ப்ளாகர் விடாது. பழையதை அழிக்காமல், வார்ப்புருவின் உச்சியில் புதிய தளத்துக்கு ஒரு தொடுப்பை வைத்துவிடுவது உத்தமம்.

பதிவுகளுக்குள்ளேயே இருக்கும் தொடுப்புகளையும் மறக்காதீர்கள். 2012க்குப் பிறகு சில ஆண்டுகள் ப்ளாகர் வாசகரின் நாட்டைப் பார்த்து முகவரியை மாற்றிக் காட்டியது. இங்கிருந்து எழுதியவர் நகலெடுத்த தொடுப்பில் பிளாக்ஸ்பாட்.மை என்றும், ஜொகூர் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போனவர் நகலெடுத்ததில் பிளாக்ஸ்பாட்.எஸ்ஜி என்றும் இருக்கும். '.காம்' ஒன்றை மட்டும் தேடி மாற்றினால் மற்றவை தப்பிவிடும். மாற்றுவதற்கு பெட்டர் சர்ச் ரீப்ளேஸ் செருகுநிரலைப் பயன்படுத்துங்கள், முதலில் ஒத்திகை ஓட்டம். தரவுத்தளத்தில் நேரடியாகக் கட்டளை போட்டால் சில அமைப்புகள் எழுத்து எண்ணிக்கையோடு சேமிக்கப்பட்டிருப்பதால் உடைந்துபோகும்.

தேதி ஒருநாள் பின்னால்

பலர் ப்ளாகரில் நேர மண்டலத்தைத் தொடவே மாட்டார்கள். அது அமெரிக்க மேற்குக் கரை நேரத்திலேயே கிடக்கும், நம்மைவிட 15 அல்லது 16 மணி நேரம் பின்னால். பிப்ரவரி 1 காலையில் எழுதியது ஜனவரி 31 என்று ஏறும், மாத வாரியான முகவரியும் அதோடு மாறும். வேர்ட்பிரஸில் நேர மண்டலத்தைக் கோலாலம்பூர் என்று வைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு மாற்றினால் பழைய பதிவுகளின் நேரம் மாறாது.

சிலருக்குப் புதிய தளம், சிலருக்குப் பழையது

இரண்டு நாளுக்குமேல் இப்படியே நீடித்தால் முகவரி எந்தச் சேவையகத்துக்குப் போகிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளைத் திறந்து பாருங்கள். சொந்த முகவரியை ப்ளாகரோடு இணைத்தபோது நான்கு ஏ பதிவுகள் போட்டிருப்பார்கள்: 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. புதிய சேவையகத்தின் எண்ணைச் சேர்த்தவர் இந்த நான்கில் ஒன்றை விட்டுவைத்திருப்பார். உலாவி எதைப் பிடிக்கிறதோ அந்தத் தளம் திறக்கும். நான்கையும் நீக்குங்கள், டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்கு இருக்கும் சிநேம் பதிவையும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முதல்நாளே, பழைய எண்ணை எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்லை 300 ஆக்கி வைத்தால் இந்த இழுபறி நிமிடக் கணக்கில் முடியும்.

சில்லறைக் கோளாறுகள்

எழுத்து ஒரு பத்தியில் பெரிதாகவும் அடுத்ததில் சிறிதாகவும் இருந்தால், வேர்டிலிருந்து ஒட்டிய பதிவு. லதா எழுத்துருவும் அளவும் ஒவ்வொரு வரியிலும் பதிந்திருக்கும். பத்தியைத் தேர்ந்து வடிவமைப்பை நீக்கு என்று கொடுங்கள். ப்ளாகரின் குறிச்சொற்கள் அத்தனையும் பகுப்புகளாக வந்து பட்டியல் நீண்டுவிட்டால், கருவிகள், இறக்குமதி பக்கத்திலேயே பகுப்பையும் குறிச்சொல்லையும் மாற்றும் கருவி இருக்கிறது. கருத்துகள் குறைவாக இருந்தால் முதலில் மட்டுறுத்தல் வரிசையைப் பாருங்கள்; கூகுள் பிளஸ் வழியாக எழுதப்பட்டவை 2019 ஏப்ரலில் அந்தச் சேவையோடு போய்விட்டன, தேட வேண்டாம்.

தளம் திறந்து மாதக்கணக்கில் ஆகியும் கூகுளில் தென்படவில்லையா? அமைப்புகள், வாசிப்பு என்ற பக்கத்தின் அடியில் தேடுபொறிகளைத் தடுக்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. சோதனைக் காலத்தில் போட்ட குறி இன்னும் அதில் இருக்கும், எடுத்துவிட்டுச் சேமியுங்கள்.